அதிபரின் செய்தி நடுப்பாதையில் நின்ற ஒரு நிமிடம்

ரூஃபஸ் பெட்டிஃபோர்ட் வாயைத் திறந்தால்தான் அதிபரின் செய்தி எங்கள் சபைக்குள் வரும். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய அதிபராக இருந்தாலும் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள முடியாது. அவருடைய தூதர் ஒருவர் நல்ல உடுப்பு உடுத்தி, உறையைக் கையில் ஏந்தி, பிரதிநிதிகள் சபையின் நடுக்கதவுக்கு வந்து நிற்க வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் அவரை உள்ளே அழைத்துப்போய் நடுப்பாதையில் நிறுத்தி, மேடையைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்து, "சபாநாயகர் அவர்களே, அமெரிக்க அதிபரிடமிருந்து ஒரு செய்தி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தூதர் தன் பங்குக்குக் குனிவார், ஒரு வரி சொல்வார், உறையைக் கொடுப்பார். எங்கள் ஆளாக அங்கே இருபத்தாறு வருடம் நின்றவர் ரூஃபஸ்.

நான் வெர்னெல். சபைக்குப் பின்னால், உறுப்பினர்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்து உட்காரும் ஓய்வறையில் சாண்ட்விச் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வருபவர்கள் என் கவுண்டரில் ஒரே கடுகு சாஸ் பாட்டிலுக்குக் கை நீட்டுவார்கள். யாருக்கு எதில் எவ்வளவு உப்பு என்பது எனக்குத் தெரியும். தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்து பயப்படுகிறவர்கள் ஒருநாள் வந்து அவர்கள் சூப் குடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும்.

ரூஃபஸும் நானும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அதனால் அவர் எனக்கு பிரதர், நான் அவருக்கு சிஸ்டர். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அவர் "ஆமென்" சொன்னால் பெஞ்சு அதிரும். ஒல்லியான, நெட்டையான மனிதர். காலையில் முதல் வேலையாக என் கவுண்டருக்குக் கீழே குந்தி ஷூவைத் துடைத்துக்கொள்வார்.

"பிரதர், ஷூவை யாரு பாக்கப் போறா? எல்லாரும் அதிபரோட உறையைத்தான் பாப்பாங்க" என்பேன்.

"குனியும்போது நான்தானே பாக்குறேன் சிஸ்டர்" என்பார்.

உறையைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, எத்தனையோ பார்த்த பழக்கம். வரவுசெலவுத் திட்டம் வந்தால் தூதரின் தோள் ஒரு பக்கம் சாயும். வர்த்தக ஒப்பந்தம் என்றால் பெட்டியாகவே வரும். படையை எங்கேயோ அனுப்பிவிட்டேன், குண்டு போட்டுவிட்டேன் என்று தெரிவிக்கிற கடிதம் மட்டும் இரண்டே தாள். "போர்தான் சிஸ்டர் எல்லாத்துலயும் எடை கம்மி" என்று ஒருமுறை சொன்னார்.

எங்கள் ஊர் ஏற்பாடு இப்படித்தான். போர் தொடுக்கும் உரிமை எங்கள் சபையின் நானூற்று முப்பத்தைந்து பேருக்கும், கட்டடத்தின் அந்தக் கோடியில் இருக்கும் செனட் சபைக்கும் என்று அரசியல் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. படைக்குத் தலைமைத் தளபதி அதிபர் என்றும் அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கப்பல்கள் போய்வருகின்றன. சபையைக் கேட்காமல் அதிபர் படையை இறக்கினால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கடிதம் வர வேண்டும், அறுபது நாளுக்குள் சபை சம்மதிக்கவில்லை என்றால் படை திரும்ப வேண்டும் என்று பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். கடிதம் ஒழுங்காக வருகிறது. சம்மதமா இல்லையா என்று சொல்லத்தான் எங்கள் ஆட்கள் வாயில் கொழுக்கட்டை.

காலையில் பஸ்ஸில் வரும்போது அதிபரின் வீடு என் ஜன்னலில் போகும். அங்கிருந்து எங்கள் கட்டடம் ஒன்றரை மைல். வேலியும் புல்வெளியும் வெள்ளைத் தூண்களும் உள்ள ஒரு வீடு, அவ்வளவுதான். அதற்குள் ஒரு மனிதர் ஒரு சொல் சொன்னால், பூமியின் மறுபக்கத்தில் ஒரு கப்பல் தன் மூக்கைத் திருப்புகிறது, முந்நூறு பேர் படுக்கையிலிருந்து குதிக்கிறார்கள். முப்பது வருடமாக அந்த வழியில் வருகிறேன். இன்னும் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். கடவுளுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்த ஒன்றை, காலையில் முட்டை சாப்பிடும் ஒரு மனிதரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த முந்நூறு பேரில் ஒருத்தி ரூஃபஸின் ஒரே மகள் ஜோசெலின். சின்ன வயதில் பலூன் வெடித்தாலே தாய் லொரெட்டாவின் பாவாடைக்குள் ஒளிந்துகொள்வாள். பத்தொன்பது வயதில் கடற்படையில் சேர்ந்து, இருபத்து மூன்று வயதில் ஒரு போர்க்கப்பலில் தீயணைக்கும் பிரிவில் இருந்தாள். அந்த ஆகஸ்டில் அவளுடைய கப்பல் தொலைவில் ஒரு வளைகுடாவில் நின்றது.

ஆகஸ்டில் சபைக்கு விடுமுறை. உறுப்பினர்கள் ஊருக்குப் போய்க் கண்காட்சிகளில் சோளம் கடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரேயடியாகக் கதவைச் சாத்தவும் முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை பெயருக்கு ஒரு கூட்டம் நடக்கும். அருகில் குடியிருக்கிற ஓர் உறுப்பினர் வந்து சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து சுத்தியலைத் தட்டுவார், போதகர் ஜெபம் செய்வார், திரும்பவும் சுத்தியல். மூன்று நிமிடம்கூட ஆகாது. நாற்காலிகள் எல்லாம் காலி. கேமரா மட்டும் நேரலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் கோழி வறுவலுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் யாரோ கைபேசியை நீட்டினார்கள். அந்த வளைகுடாவில் எங்கள் கப்பல்கள் கரையைச் சுட்டிருந்தன. கரையிலிருந்தும் பதிலுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். லொரெட்டா தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக நடந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ரூஃபஸ் வந்தார். ஷூவைத் துடைக்கவில்லை. நான் காபியை ஊற்றி நீட்டினேன். அதையும் குடிக்கவில்லை.

"நேத்து புள்ள பேசுனா சிஸ்டர். நாலு நிமிஷம்."

"நல்லா இருக்காளா?"

"இருக்கா. இப்போதைக்கு. 'டிவில பாத்தீங்கல்லப்பா, அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது'ன்னா. அப்புறம் ஒண்ணு கேட்டா. 'நீங்க அந்த ஹால்லதானே வேலை பாக்குறீங்க, எங்கள அனுப்பணும்னு எத்தன பேரு ஓட்டுப் போட்டாங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் போடலம்மா, சபை லீவுன்னேன். அப்புறம், 'அப்ப யாருப்பா எங்கள அனுப்புனது'ன்னா. அதோட லைன் போயிருச்சு."

அத்தனை வருடம் அந்தச் சபையின் நடுவில் நின்ற மனிதர். அவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தர். ஆனால் லைன் போகாமல் இருந்திருந்தாலும் தன் பிள்ளையிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. அவ்வளவு பெரிய மண்டபம், அவ்வளவு நாற்காலி, அதில் ஒருவர்கூட 'ஆமாம், அந்தப் பெண் போகட்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அடுத்த முறை அவள் பேசும்போது அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது.

பதினோரு மணிக்குக் கூட்டம். அன்று சுத்தியல் பிடிக்க வந்தவர் ஹாலோவே. மேரிலாந்துக்காரர், எழுபத்தெட்டு வயது, உப்பில்லாத பீன்ஸ் சூப். வீடு பக்கத்தில் என்பதால் விடுமுறையில் எப்போதும் அவர் தலையில்தான் இது விழும். போதகர் ஜெபம் முடித்தார். கொடி வணக்கம் முடிந்தது. அப்போது நடுக்கதவு திறந்தது. சாம்பல் நிற உடுப்பில் அதிபரின் தூதரான அம்மாள். கையில் உறை. நான் ஓய்வறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருடைய தோள் கொஞ்சம்கூடச் சாயவில்லை.

ரூஃபஸ் அவரை நடுப்பாதையில் அழைத்து வந்தார். நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

தூதரம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தார். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தர் தலையைத் தூக்கினார். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானூற்றுச் சொச்சம் காலி நாற்காலிகள், நடுவில் நெட்டையாக ஒரு மனிதர், பக்கத்தில் எடையில்லாத ஓர் உறை. மேடைக் கடிகாரத்தின் முள் நகர்வதை நான் பார்த்தேன். பத்து விநாடி. இருபது விநாடி. மாரடைப்போ என்னவோ என்று கதவில் கை வைத்தேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன், தள்ளவில்லை. வலி வந்த முகம் இல்லை அது. யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் முகம்.

ஹாலோவே சுத்தியலைத் தூக்கினார். ஒரு தட்டு தட்டி, "சொல்லுங்க" என்று ஞாபகப்படுத்தியிருக்கலாம். தட்டவில்லை. ரூஃபஸைப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

உலகத்திலேயே பெரிய படையின் தளபதி எழுதிய கடிதம், கதவைத் தாண்டி உள்ளே வந்தும் சபையில் சேர முடியாமல், ஒரு பாப்டிஸ்ட் பாடகரின் தொண்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கப்பல்களை ஒரு சொல்லில் திருப்பிய மனிதர் அந்த ஒரு நிமிடம் காத்திருந்தார். அவருக்கே அது தெரியாது.

பிறகு அந்த அடிக்குரல் வந்தது. "சபாநாயகர் அவர்களே, அமெரிக்க அதிபரிடமிருந்து ஒரு செய்தி." வழக்கமான அதே குரல், ஒரு நடுக்கமும் இல்லை. தூதரம்மாள் குனிந்தார், தன் வரியைச் சொன்னார், உறை கை மாறியது. கடிதம் வெளியுறவுக் குழுவுக்கு அனுப்பப்படும், அச்சிடப்படும் என்று ஹாலோவே படித்தார். சுத்தியல். முடிந்தது.

தொலைக்காட்சி நிலையத்துக்கு அன்று நிறைய போன் வந்ததாம். சத்தம் போய்விட்டது, சரி செய்யுங்கள் என்று. வீட்டில் லொரெட்டாகூட ரிமோட்டைத் தட்டியிருக்கிறாள். ரூஃபஸின் மேலதிகாரி மிஸஸ் அப்ஷா எழுத்தில் விளக்கம் கேட்டார். தொண்டை அடைத்துக்கொண்டது என்று ரூஃபஸ் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். "இன்னொரு தடவை இப்படி அடைச்சா வேற ஆளப் பாக்க வேண்டியிருக்கும்" என்று மிஸஸ் அப்ஷா சொல்லிவிட்டுப் போனார்.

"நெஜமாவே அடைச்சுதா பிரதர்?" என்று நான் கேட்டேன்.

அவர் அப்போதுதான் காபியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. "மொதல்ல அடைச்சுது சிஸ்டர். பத்து விநாடிதான். அப்புறம் சரியாயிருச்சு. சரியானப்புறம் நான்தான் சொல்லல."

சூப்புக்கு வந்திருந்த ஹாலோவே இதைக் கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரூஃபஸ் எழுந்து நின்றார்.

"உக்காரு ரூஃபஸ். எதுக்கு நிறுத்துன?"

"எம் பொண்ணு அந்தக் கப்பல்ல இருக்கா சார். யாரு எங்கள அனுப்புனதுன்னு கேட்டா. இந்த ஹால்ல யாராவது பதில் வச்சிருப்பாங்களான்னு பாத்தேன்."

"ஹால்ல யாருமே இல்லையேப்பா."

"நீங்க இருந்தீங்க சார்."

கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். சூப்பு ஆடை கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தொம்பது வருஷமா இங்க இருக்கேன். இந்த மாதிரிக் கடுதாசி எத்தன வந்துருக்கும்? எல்லாத்தையும் குழுவுக்கு அனுப்புங்கன்னு நான் தலையாட்டியிருக்கேன்" என்றார். எங்களிடம் சொல்கிற மாதிரி இல்லை. எழுந்து, சூப்பைக் குடிக்காமலே போய்விட்டார்.

செப்டம்பரில் சபை கூடிய முதல் நாளே, மசோதா போடும் மரப்பெட்டியில் ஹாலோவே ஒரு தாளைப் போட்டார். அந்த வளைகுடாவிலிருந்து படையைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்ற தீர்மானம். இந்த வகைத் தீர்மானத்தைக் குழுவில் தூங்க வைக்க முடியாது, கெடு முடிவதற்குள் வாக்கெடுப்புக்கு வந்தே தீர வேண்டும். அவருடைய கட்சிக்காரர்களே ஓய்வறையில் அவரைச் சீண்டினார்கள்.

"என்ன ஹாலோவே, இந்த வயசுல தளபதி ஆகணும்னு ஆசையா?"

"தளபதி வேணாம்ப்பா. ஓட்டுப் போடுற எடத்துல உக்காந்துருக்கேன், ஒருதரமாவது போட்டுப் பாக்கலாம்னுதான்" என்றார்.

ஜோசெலினிடமிருந்து இடையில் இரண்டே போன். சின்னச் சின்னதாக ஏவுகணைகள் வந்துகொண்டிருந்தன, எல்லாவற்றையும் கப்பலே அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் பக்கத்தில் விழுந்து அதன் தீயை அணைக்க இவள் போயிருக்கிறாள். "பயப்படாதீங்க, அதுக்குத்தானே சம்பளம்" என்று சிரித்தாளாம். ஒவ்வொரு முறையும் அவள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பாளோ என்று ரூஃபஸ் பயந்தார். அவள் கேட்கவில்லை. அதுதான் அவரை இன்னும் அரித்தது.

கடிதம் வந்து ஐம்பத்திரண்டாம் நாள் வாக்கெடுப்பு. மணி அடித்தது. சபையில் எல்லோர் பெயரும் சுவரில் ஒளிரும், பக்கத்தில் பச்சையோ சிவப்போ விளக்கு எரியும். ரூஃபஸ் பின்கதவோரம் நின்று அண்ணாந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவுண்டரில். என் முன்னால் இரண்டு உறுப்பினர்கள், ஆளுக்கொரு கோழி சாண்ட்விச், எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"மணி அடிக்குது சார்."

"அடிக்கட்டும் வெர்னெல். எல்லா மணிக்கும் ஓடுனா கால் வலிக்கும்."

"ஒரு பொத்தானை அமுக்குறதுக்குக் கால் எதுக்கு சார்?"

இன்னொருவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "புரியாம பேசாத. நவம்பர்ல தேர்தல். இதுல பச்சை அமுக்குனாலும் அடி, செவப்பு அமுக்குனாலும் அடி."

"கப்பல்ல இருக்குறவங்களுக்கும் எந்தப் பக்கம் திரும்புனாலும் அடிதான் சார். அவங்க சாண்ட்விச் சாப்புட்டுட்டு உக்காந்துருக்கல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கடித்தது பாதி, மிச்சம் பாதியாக இருந்த இரண்டு தட்டையும் எடுத்துக் குப்பையில் கொட்டினேன். "கவுண்டர் மூடியாச்சு."

இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். அப்படியும் எழுந்து உள்ளே போகவில்லை, வெளி வராந்தாவுக்குத்தான் போனார்கள். அன்றைக்கு என் வேலை போயிருக்க வேண்டியது. புகார் கொடுத்தால் வாக்களிக்காமல் எங்கே இருந்தோம் என்று சொல்ல வேண்டியிருக்குமே, அதனால் தப்பித்தேன்.

படையைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றவர்கள் இருநூற்றுப் பதினைந்து. வேண்டாம் என்றவர்கள் இருநூற்றுப் பதினாறு. ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது. ஜெயித்திருந்தாலும் செனட் சபை இருக்கிறது, அதற்கு மேல் என்னென்னவோ இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு சாண்ட்விச்சையும் நான் மறக்கவில்லை. சாகும்வரை மறக்க மாட்டேன்.

ரூஃபஸ் அழவில்லை. மறுநாள் அச்சான சபைக் குறிப்பில் அந்தப் பெயர்ப் பட்டியல் உள்ள தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்ப எங்கிட்ட பதில் இருக்கு" என்றார்.

வாக்கெடுப்பு முடிந்து ஆறு நாள் கழித்து, அறுபதுக்கு இரண்டு நாள் பாக்கி இருக்கும்போது, இன்னொரு மெல்லிய உறை வந்தது. நோக்கம் நிறைவேறிவிட்டது, கப்பல்கள் திரும்புகின்றன. அனுப்பியதும் ஒரு சொல், கூப்பிட்டதும் ஒரு சொல். சட்டத்துக்குப் பணிந்தாரா, ஒரு வாக்கு வித்தியாசத்தைப் பார்த்து யோசித்தாரா, இல்லை வேலைதான் முடிந்துவிட்டதா, யார் சொல்ல முடியும்? அன்று சபை நிறைந்திருந்தது. ரூஃபஸ் குனிந்தார், நிமிர்ந்தார். மனதுக்குள் ஐந்து எண்ணுகிற அளவுக்கு நிறுத்தினார். அடைப்பு என்று யாரும் சொல்ல முடியாது, வயதான மனிதர் மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்றுதான் நினைப்பார்கள். பிறகுதான் சொன்னார். மெல்லிய உறை எப்போது வந்தாலும் அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தார்.

டிசம்பரில் ஜோசெலின் வந்தாள். என் கவுண்டரில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் இரண்டு துண்டு தின்றாள். ஆள் இளைத்திருந்தாள். நான் ஐஸ் பெட்டியின் மூடியைப் படாரென்று சாத்தியதும் அவள் தோள் துள்ளியது. பலூனுக்கு ஒளிந்துகொண்ட அதே பிள்ளை. ரூஃபஸ் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"நீ கேட்டல்ல. அனுப்புனது ஒருத்தர். திரும்ப வரட்டும்னவங்க இவங்க. வேணாம்னவங்க இவங்க. எல்லாம் பேரோட இருக்கு."

அவள் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தாள். காபி போடுகிற நேரம் அல்ல, பானை முழுக்கக் காலியாகிற நேரம் ஆனது. அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டாம் என்ற இருநூற்றுப் பதினாறு பேரையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு கோபமும் இல்லாமல், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோலப் படித்தாள். கடைசியில் வாக்களிக்காதவர்கள் என்ற வரிக்கு வந்தாள்.

"இவங்கெல்லாம் எங்க போனாங்க?"

"ரெண்டு பேரு இங்கதான், நீ உக்காந்துருக்குற எடத்துல" என்றேன்.

அவள் குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

சபை கூடாத நாள் அது. ரூஃபஸ் அவளை உள்ளே அழைத்துப்போய் நடுப்பாதையில் அந்த இடத்தில் நிறுத்தினார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்கதான் ஒரு நிமிஷம் நிறுத்தி வச்சேன்."

"எதுக்குப்பா? சுட்டு ரெண்டு நாள் ஆயிருச்சே. இங்க நிறுத்துனா அங்க என்ன நிக்கப்போகுது?"

"ஒண்ணும் நிக்காது. தெரியும். நீ கேட்டதுக்கு இந்த எடத்துல யாராவது பதில் சொல்லட்டுமேன்னு பாத்தேன்."

"சொன்னாங்களா?"

"ஒரு கெழவரு சுத்தியலக் கீழ வச்சாரும்மா."

அவள் நாலா பக்கமும் திரும்பி அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். அவ்வளவு நாள் அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த அளவுக்கு இந்த மண்டபமும் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய அந்த அடிக்குரல், அத்தனை வருடம் அதிபர்களை அறிவித்த குரல், "வந்துட்டியேம்மா" என்பதற்குள் உடைந்துவிட்டது.

ரூஃபஸ் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. ஹாலோவே போய்ச் சேர்ந்துவிட்டார். ரூஃபஸின் இடத்தில் இப்போது டெலோரஸ் என்கிற பெண், நாற்பது வயது, கணீர் என்ற குரல். அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே கவனித்தேன். குனிகிறாள், நிமிர்கிறாள், ஐந்து எண்ணுகிற அளவுக்கு நிற்கிறாள், பிறகுதான் சொல்கிறாள். வரவுசெலவுத் திட்டம் வந்தாலும் அப்படியே. தூதர் பாவம் கனத்தைத் தாங்கமுடியாமல் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்.

"ஏம்மா நடுவுல நிக்கிற?" என்று கேட்டேன்.

"அது மரபாச்சே மிஸ் வெர்னெல். பழைய வீடியோல பெட்டிஃபோர்ட் சார் அப்படித்தானே செஞ்சாரு? அதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். தப்பா?"

"தப்பே இல்ல. மரபுதான்" என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலையும் ஒரு மெல்லிய உறை வந்தது. தோள் சாயவில்லை. டெலோரஸ் குனிந்தாள், நிமிர்ந்தாள், நின்றாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சபை நிறைந்திருந்தது. எங்கேயோ ஒரு கப்பலில் யாரோ ஒருவரின் பிள்ளை, யார் எங்களை அனுப்பியது என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குள் யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் எழவில்லை. அவள் சொல்லிவிட்டாள்.